டாங்குக்கும் மூச்சு வேண்டும்!

(மூன்றாமாண்டு, மெக்கானிக்கல் பிரிவு)



பைக் வைத்திருப்பவர்களுக்கு இந்த அனுபவம் ஒரு தடவையாவது வந்திருக்கும். வண்டி நல்லா ஓடிக்கிட்டே இருக்கும். திடீரென்று இழுவை குறையும், இரண்டு குலுக்கு குலுக்கும், நின்றுவிடும். பெட்ரோல் தீர்ந்துவிட்டதோ என்று டாங்க் மூடியைத் திறந்து பார்ப்போம். பெட்ரோல் இருக்கும். மூடியைப் போட்டு ஒரு உதை விட்டால் உடனே ஸ்டார்ட்! "என்ன மாயமோ" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவோம்.

மாயம் ஒன்றுமில்லை. மூடியில் இருக்கும் ஊசிமுனைத் துளை அழுக்கால் அடைத்திருக்கும். வெளியே போன பெட்ரோலின் இடத்தை நிரப்பக் காற்று உள்ளே வரவில்லை. நாம் மூடியைத் திறந்தபோது காற்று புகுந்தது, வண்டி கிளம்பியது. மூடியைப் போட்டதும் அதே கோளாறு மறுபடி ஆரம்பம். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி நிற்கும்.

ரோட்டில் என்றால் ஓரங்கட்டலாம். தரையிலிருந்து 500 அடி உயரத்தில், அப்போதுதான் டேக்-ஆஃப் ஆன சின்ன விமானத்தில் இது நடந்தால் எங்கே ஓரங்கட்டுவது? அதனால்தான் இந்தச் சின்ன ஓட்டையைப் பற்றி ஒரு கட்டுரை. விமானத்தை வைத்துச் சொன்னாலும், ஃபால்ட் ஃபைண்டிங் என்ற கலை எல்லா பிராஞ்சுக்கும் பொது. ஆட்டோமொபைல், எலக்ட்ரிகல் நண்பர்களும் பக்கத்தைத் திருப்பிவிடாமல் படியுங்கள்.

எந்த விமானம்?

செஸ்னா 150. அமெரிக்காவில் கான்சஸ் மாநிலத்தின் விசிட்டா நகரில் பிறந்த கம்பெனியின் தயாரிப்பு. 1958 முதல் 1977 வரை 23 ஆயிரத்துக்கும் மேற்பட்டவை தயாராகின. இரண்டு பேர் உட்காரலாம். கான்டினென்டல் ஓ-200 என்ற நான்கு சிலிண்டர், 100 குதிரைத்திறன் எஞ்சின். உலகம் முழுவதும் ஆயிரக்கணக்கான பைலட்டுகள் முதன்முதலில் தனியாகப் பறந்தது இதில்தான். அதே குடும்பத்தில் 1977ல் வந்தது செஸ்னா 152.

இதன் இறக்கை தலைக்கு மேலே இருக்கிறது. பெட்ரோல் டாங்க் இரண்டும் அந்த இறக்கைகளுக்குள். சாதாரண மாடலில் டாங்குக்கு 13 அமெரிக்க கேலன் வீதம் மொத்தம் 26 கேலன், நம் கணக்கில் சுமார் 98 லிட்டர். எஞ்சின் கீழே இருப்பதால் பெட்ரோல் பம்ப் கிடையாது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து வீட்டுக் குழாய்க்குத் தண்ணீர் வருகிற மாதிரி, புவியீர்ப்பிலேயே பெட்ரோல் கார்ப்புரேட்டருக்கு இறங்குகிறது. எளிமையான ஏற்பாடு. கெட்டுப்போக பாகமே இல்லை என்று தோன்றும். ஆனால் பம்ப் இல்லை என்பதால் இன்னொரு விஷயத்தையும் யோசிக்க வேண்டும். காற்று வழி அடைத்துக்கொண்டால் பலவந்தமாக இழுத்துக் கொடுக்க ஆளில்லை!

மூச்சுக் குழாய் எங்கே?

எண்ணெய் டின்னில் ஒரு ஓட்டை மட்டும் போட்டால் "குபுக் குபுக்" என்று விட்டு விட்டு ஊற்றும். எதிர்ப்பக்கம் இன்னொரு ஓட்டை போட்டால்தான் ஒழுங்காக விழும். நம் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த இந்த இரண்டாவது ஓட்டையைத்தான் விமானத்தில் வென்ட் என்கிறார்கள்.

செஸ்னா 150ல் இடது இறக்கையின் அடியில், இறக்கையைத் தாங்கும் ஸ்ட்ரட் சேரும் இடத்துக்குப் பின்னால், ஒட்டினாற்போல் ஒரு சின்னக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும். இடது டாங்க் அது வழியாக மூச்சு விடும். வலது டாங்கின் காற்றிடமும் இடது டாங்கின் காற்றிடமும் ஒரு குறுக்குக் குழாயால் இணைக்கப்பட்டிருக்கின்றன. ஆக, வலது டாங்க் இடது டாங்கின் மூக்கால்தான் மூச்சு விடுகிறது. பிற்கால மாடல்களில் அந்த வென்ட் குழாயில் ஒரு செக் வால்வு உண்டு. காற்றை உள்ளே விடும், பெட்ரோலை வெளியே விடாது. ஆனால் அந்த வால்விலேயே மிகச் சிறிய கசிவுத் துளை ஒன்றும் போட்டிருப்பார்கள். ஏன்? வெயிலில் பெட்ரோல் விரியும். ஒரு டாங்கில் உள்ள 49 லிட்டர் பெட்ரோல் 15 டிகிரி சூடேறினால் சுமார் முக்கால் லிட்டர் கூடும். அது போக வழி வேண்டுமே!

இது தவிர வலது டாங்க் மூடியிலும் காற்று உள்ளே வருவதற்கு மட்டும் ரப்பர் வால்வு வைத்த ஒரு வழி உண்டு. முதல் வழி அடைத்தால் இது காப்பாற்ற வேண்டும். 1979ல் அமெரிக்க விமானத் துறையான எஃப்.ஏ.ஏ., செஸ்னாவின் பல மாடல்களுக்கு இப்படிப்பட்ட காற்று வழி மூடியைக் கட்டாயமாக்கியது. இரண்டு வழி இருக்கிறது, ஒன்று போனாலும் ஒன்று இருக்கும் என்று நிம்மதியாக இருக்கலாமா? அதைத்தான் கீழே பார்க்கப் போகிறோம்.

பாயில் விதி சும்மா இல்லை

முதலாமாண்டில் பாயில் விதியை மனப்பாடம் செய்து மறந்துவிட்டோம். இப்போது அதை வெளியே எடுப்போம்.

டாங்குக்கும் கார்ப்புரேட்டருக்கும் உயர வித்தியாசம் 75 செ.மீ. என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். பெட்ரோலின் அடர்த்தி லிட்டருக்கு சுமார் 0.72 கிலோ. ஆக, பெட்ரோலைத் தள்ளும் அழுத்தம் சுமார் 5.3 கிலோபாஸ்கல். வளிமண்டல அழுத்தம் 101.3. டாங்குக்குள் காற்றழுத்தம் இந்த 5.3 அளவுக்குக் குறைந்துவிட்டால், அதாவது 96க்கு வந்துவிட்டால், மேலே இழுப்பதும் கீழே இறங்குவதும் சமம். பெட்ரோல் அசையாது.

இப்போது இரண்டு வென்ட்டும் முழுக்க அடைத்திருக்கிறது, டாங்குகள் கிட்டத்தட்ட நிறைய இருக்கின்றன, மேலே இரண்டிலும் சேர்த்து 10 லிட்டர் காற்றிடம்தான் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் 101.3லிருந்து 96க்கு இறங்க அந்தக் காற்று எவ்வளவு விரிய வேண்டும்? 10 லிட்டர் 10.55 ஆனால் போதும். அதாவது அரை லிட்டர் பெட்ரோல் வெளியே போனதுமே கதை முடிந்தது! டேக்-ஆஃபின்போது இந்த எஞ்சின் மணிக்கு சுமார் 30 லிட்டர், அதாவது நிமிடத்துக்கு அரை லிட்டர் குடிக்கும். ஆக, ஒரு நிமிடம் சொச்சம்.

அதே விமானத்தில் டாங்க் பாதி காலி, 50 லிட்டர் காற்றிடம் என்றால்? 2.75 லிட்டர் போன பிறகுதான் நிற்கும். ஐந்தரை நிமிடம் ஓடும்.

கவனித்தீர்களா? நாம் நினைப்பதற்கு நேர்மாறு. "டாங்க் ஃபுல், பயமில்லை" என்போம். வென்ட் அடைத்தால் ஃபுல் டாங்குக்குத்தான் ஆபத்து முதலில் வருகிறது. பெட்ரோல் ஆவியாவதும் டாங்க் தகடு சற்று உள்வாங்குவதும் இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றும். கார்ப்புரேட்டர் கிண்ணத்தில் இருப்பது இன்னும் சில நொடிகள் கொடுக்கும். ஆனால் முடிவு மாறாது.

ஹேங்கரில் பார்த்தது

இன்-பிளாண்ட் டிரெய்னிங்குக்காக விடுமுறையில் மூன்று வாரம் ஒரு விமானப் பயிற்சி ஹேங்கருக்குப் போயிருந்தேன். எந்த ஊர், யாருடையது என்பது வேண்டாம். அங்கே ஒரு பழைய செஸ்னா 150. அதன் மீது வந்த புகார் இது: டேக்-ஆஃப் ஆகி ஏறும்போது, இரண்டு நிமிடம் போல் ஆனதும் எஞ்சின் தொய்கிறது. த்ராட்டிலைக் கொஞ்சம் குறைத்தால் சரியாகிவிடுகிறது. இறங்கி வந்து தரையில் ஓட்டிப் பார்த்தால் அருமையாக ஓடுகிறது.

கார்ப்புரேட்டரை இரண்டு தடவை பிரித்திருந்தார்கள். பெட்ரோல் வடிகட்டியைக் கழுவியிருந்தார்கள். மேக்னெட்டோ, பிளக் எல்லாம் பார்த்தாகிவிட்டது. ஒன்றிலும் கோளாறு இல்லை. "பைலட் பையன் பயந்துட்டான்" என்ற பேச்சும் வந்துவிட்டது. பறந்தவனுக்கு இருபது வயது இருக்கும். அவன் ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிதான் சொன்னான்: "சார், ஃபுல் டாங்க்கோட போனாத்தான் வருது."

அங்கே முப்பது வருஷ சர்வீஸ் உள்ள ஒரு சீனியர் மெக்கானிக் இருந்தார். நான் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன். அவர் அந்தப் பையன் சொன்னதைக் காதில் வாங்கிக்கொண்டார். பிறகு என்னிடம் கேட்டார்.

"தம்பி, வண்டி இறங்கி வந்ததும் முதல்ல யாரு என்ன செய்யறாங்க?"

"குச்சி விட்டு பெட்ரோல் அளக்கறாங்க அண்ணே."

"அதுக்கு?"

"மூடியைத் திறக்கணும்."

"அவ்வளவுதான். சாட்சியைக் கலைச்சுட்டு அப்புறம் துப்பு தேடறோம். இன்னிக்கு இறங்கினதும் நான் வர்ற வரைக்கும் ஒருத்தனும் மூடி மேல கை வைக்கக் கூடாது."

அன்றைக்கு டாங்கை நிரப்பி, ரன்வேயிலேயே ஃபுல் பவரில் இரண்டு நிமிடம் ஓட்டச் சொன்னார்கள். பறக்கவில்லை. எஞ்சின் தொய்ந்தது. நிறுத்தினார்கள். அண்ணன் ஏணி போட்டு ஏறி, காதை மூடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மெல்லத் திருகினார். "இஸ்ஸ்ஸ்..." என்று காற்று உள்ளே போகும் சத்தம் கீழே நின்ற எனக்கே கேட்டது.

தரையில் வழக்கமாகச் சோதிக்கும்போது ஏன் தெரியவில்லை? வென்ட் முழுக்க அடைபடவில்லை. முக்கால்வாசிக்கு மேல் அடைத்திருந்தது. ஐட்லிங்கில் எஞ்சின் குடிப்பது கொஞ்சம். அந்தச் சின்ன இடுக்கு வழியாக வந்த காற்று அதற்குப் போதும். வழக்கமான தரைச் சோதனையிலும் ஃபுல் பவர் சில நொடிகள்தான். ஏறும்போதோ நிமிடக்கணக்கில் ஃபுல் பவர். வருகிற காற்று பத்தாமல் போகும். த்ராட்டிலைக் குறைத்ததும் தேவை குறையும், எஞ்சின் பிழைக்கும். பையன் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் கணக்கோடு பொருந்தியது. பயந்ததால் சொன்னதல்ல.

சோதனை வரிசை

அதன் பிறகு நடந்ததை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். செஸ்னா சர்வீஸ் புத்தகத்தில் உள்ள முறையும் இதுவே. தேவையான கருவி: ஒரு முழ ரப்பர் குழாய், ஒரு டம்ளர் தண்ணீர். விலையைக் கேட்டால் சிரிப்பீர்கள்!

1. பார்வை. வென்ட் குழாய் வளைந்திருக்கிறதா? வாயில் மண், பூச்சிக் கூடு தெரிகிறதா? டாங்க் மூடியைச் சுற்றி நீலக் கறை இருக்கிறதா? விமான பெட்ரோல் 100எல்எல்லுக்கு நீலச் சாயம் போட்டிருப்பார்கள். கசிந்த இடத்தை அந்தக் கறையே காட்டிக் கொடுக்கும்.

2. ஊதுதல். வென்ட் குழாயில் ரப்பர் குழாயை மாட்டி வாயால் மெல்ல ஊத வேண்டும். காற்று உள்ளே போனால் வழி திறந்திருக்கிறது. அங்கே ஊதியபோது சுவரில் ஊதுவது போல் இருந்தது.

3. குமிழி. நல்ல வென்ட்டாக இருந்தால் ஊதி டாங்குக்குள் சற்று அழுத்தம் ஏற்றியபின், ரப்பர் குழாயின் முனையைத் தண்ணீரில் அமிழ்த்த வேண்டும். தொடர்ந்து குமிழி வந்தால் செக் வால்வின் கசிவுத் துளை திறந்திருக்கிறது என்று அர்த்தம். குமிழி வராவிட்டால் அந்தத் துளை அடைப்பு.

4. குறுக்குக் குழாய். மறுபடி ஊதி அழுத்தம் ஏற்றி, எதிர்ப்பக்க டாங்கின் மூடியைக் கழற்றாமல் தளர்த்த வேண்டும். அங்கே காற்று வெளியேறினால் இரண்டு டாங்கையும் இணைக்கும் வழி சுத்தம். வெளியேறாவிட்டால் அந்தக் குழாயின் தாழ்ந்த வளைவில் பெட்ரோல் தேங்கியிருக்கலாம், அல்லது குழாய் நசுங்கியிருக்கலாம்.

5. மூடி. மூடியைத் தனியாகக் கையில் எடுத்துச் சோதிக்க வேண்டும். வெளிப்பக்கமிருந்து உள்ளே காற்று போக வேண்டும். உள்பக்கமிருந்து வெளியே வரக்கூடாது.

6. ஓட்டம். கார்ப்புரேட்டரில் குழாயைக் கழற்றி ஒரு பாத்திரத்தில் பெட்ரோலைப் பிடித்து, நேரம் பார்க்க வேண்டும். புவியீர்ப்பில் இறங்கும் அமைப்புக்கு அமெரிக்க விதி, டேக்-ஆஃபில் செலவாகும் அளவில் 150 சதவீதம் வர வேண்டும் என்கிறது. மணிக்கு 30 என்றால் 45 லிட்டர், நிமிடத்துக்கு முக்கால் லிட்டர். மூடி போட்டு ஒரு தடவை, மூடி திறந்து ஒரு தடவை அளக்க வேண்டும். இரண்டும் ஒன்றாக இருந்தால் வென்ட் நல்லது. மூடி திறந்ததும் கூடினால் குற்றவாளி வென்ட்தான். இரண்டிலும் குறைவாக இருந்தால் வடிகட்டி, வால்வு, குழாய் பக்கம் போக வேண்டும்.

ஆறாவது சோதனையில் ஒரு பொறி இருக்கிறது. பாதி காலியான டாங்கை வைத்துக்கொண்டு, ஒரு லிட்டர் மட்டும் பிடித்துப் பார்த்துவிட்டு "நல்லா வருதே" என்று மூடிவிட்டால் ஏமாந்துபோவோம். மேலே போட்ட கணக்குப்படி 50 லிட்டர் காற்றிடம் இருக்கும்போது, வென்ட் முழுக்க அடைத்திருந்தாலும் இரண்டு லிட்டருக்கு மேல் இறங்கும்! ஆகவே டாங்க் கிட்டத்தட்ட நிறைந்திருக்கும்போது, பல லிட்டர் வரை பிடித்துப் பார்க்க வேண்டும்.

இரண்டு ஓட்டையும் எப்படி அடைத்தது?

வென்ட் குழாயைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே மண்குளவியின் கூடு. விமானம் மழைக்காலத்தில் சில வாரம் பறக்காமல் நின்றிருந்தது. குளவிக்கு அந்தக் குழாய் அளவெடுத்துச் செய்த வீடு. குளவிதானே என்று அலட்சியம் வேண்டாம். 1996 பிப்ரவரி 6ஆம் தேதி டொமினிகன் குடியரசில் புவர்ட்டோ பிளாட்டாவிலிருந்து கிளம்பிய பிர்கன்ஏர் போயிங் 757 கடலில் விழுந்து 189 பேர் இறந்தார்கள். அங்கே அடைத்தது வென்ட் அல்ல, வேகத்தை அளக்கும் பிட்டாட் குழாய். அதையும் பூச்சிக் கூட்டின் மண் அடைத்திருக்கலாம் என்பதே விசாரணையில் வந்த முடிவு. தவறான வேகம் காட்டியதில் குழம்பி விமானத்தைக் கட்டுப்பாட்டில் வைக்க முடியாமல் போயிற்று.

சரி, குளவி இடது வென்ட்டை அடைத்தது. வலது மூடியில் இரண்டாவது வழி இருந்ததே? அதை ஊதிப் பார்த்தால் ரப்பர் வால்வு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது. எப்போதிலிருந்து? யாருக்கும் தெரியவில்லை. தெரிய வழியுமில்லை. இடது வென்ட் நன்றாக வேலை செய்த காலமெல்லாம் மூடி செத்துப்போனது வெளியே தெரியாது. விமானம் ஜோராகப் பறந்துகொண்டிருக்கும்.

நண்பர்களே, இந்தக் கட்டுரையில் ஒன்றே ஒன்றை ஞாபகம் வைத்துக்கொள்வதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வேலைக்கு இரண்டு ஏற்பாடு இருந்தால், இரண்டையும் சேர்த்துச் சோதித்தால் போதாது. ஒன்றை அடைத்துவிட்டு மற்றதைச் சோதிக்க வேண்டும். இல்லையென்றால் நல்லது கெட்டதை மறைத்துவிடும். ஜெனரேட்டர் இருக்கிற ஆஸ்பத்திரியில் கரண்ட் போகும் நாளில்தான் ஜெனரேட்டர் ஓடாதது தெரிகிறது என்றால், அங்கே ஜெனரேட்டர் இருந்தது என்று சொல்ல முடியுமா?

இடது ஒரு அளவு, வலது ஒரு அளவு

முழு அடைப்பு இல்லாமலேயே வென்ட் சம்பந்தமாக இன்னொரு தொல்லை வரும். இரண்டு டாங்கும் சமமாகக் குறையாது. இடது டாங்க் வேகமாகக் காலியாகும்.

இதற்கும் கணக்கு இருக்கிறது. மணிக்கு 185 கி.மீ. வேகத்தில் எதிர்க்காற்றின் அழுத்தம் 16.5 செ.மீ. தண்ணீர் மட்டத்துக்குச் சமம், பெட்ரோல் மட்டத்தில் சொன்னால் 23 செ.மீ. இறக்கையின் மேற்புறத்திலோ உறிஞ்சும் அழுத்தம். ஆக, இடது டாங்குக்கும் வலது டாங்குக்கும் காற்றழுத்தத்தில் வெறும் 1 செ.மீ. தண்ணீர் அளவு வித்தியாசம் வந்தாலே 1.4 செ.மீ. பெட்ரோல் மட்டத்துக்குச் சமமான தள்ளல் ஒரு பக்கம் கூடிவிடுகிறது. இறக்கைக்குள் படுத்திருக்கும் தட்டையான டாங்கில் இது சாதாரண அளவல்ல.

வென்ட் இடது டாங்கில் இருப்பதால் இடது சற்று முன்னே போவது இயல்பு. அதிகமாகப் போனால் பார்க்க வேண்டியவை: முதலில் பைலட் ஒரு பக்கம் சாய்ந்தபடி ஓட்டுகிறாரா. அடுத்து, வலது மூடியின் ரப்பர் வாஷர் வெடித்திருக்கிறதா. அந்த வெடிப்பு வழியாக மேற்புறக் காற்று வலது டாங்கை உறிஞ்சும், அங்கே அழுத்தம் குறையும், இடது பக்கமே பெட்ரோல் இறங்கும். மூன்றாவதாக, குறுக்குக் குழாய் அடைப்பு. நான்காவதாக, வென்ட் குழாய் யார் தலையாவது இடித்து இடம் மாறியிருக்கிறதா. ஸ்ட்ரட்டுக்குப் பின்னால் எந்த இடத்தில், எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்று புத்தகத்தில் அளவே கொடுத்திருக்கிறார்கள். கண் மட்டத்தில் வளைத்து விடுவது கூடாது.

செய்யக் கூடாதவை

கம்ப்ரஸர் காற்றைக் காட்டவே கூடாது. ஒரு பி.எஸ்.ஐ. என்பது சதுர சென்டிமீட்டருக்கு 0.07 கிலோதான். ஆனால் அரை சதுர மீட்டர் தகட்டின் மேல் அது 350 கிலோ பாரம்! கம்ப்ரஸரில் இருப்பது 100 பி.எஸ்.ஐ. டாங்க் பிளந்துவிடும். நம் வாயே போதும்.

ஊதலாம், உறிஞ்சக் கூடாது. 100எல்எல்லில் ஈயக் கலவை இருக்கிறது. விஷம்.

குளவிக் கூட்டைக் கம்பி விட்டுக் குத்தி உள்ளே தள்ளக் கூடாது. மண் செக் வால்வில் போய் உட்காரும், அல்லது டாங்கில் விழுந்து வடிகட்டிக்கு வரும். குழாயைக் கழற்றித்தான் சுத்தம் செய்ய வேண்டும். பிறகு டாங்கின் அடி வடிகாலைத் திறந்து மண் வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

எர்த் ஒயர் மாட்டாமல், திறந்த பெட்ரோல் பக்கத்தில் எந்த வேலையும் கூடாது. பீடி, சிகரெட் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

எல்லாவற்றுக்கும் மேல், நாம் கூடமாட வேலை செய்யலாம். பறக்கத் தகுதி என்று கையெழுத்துப் போட டி.ஜி.சி.ஏ. லைசென்ஸ் பெற்ற ஏ.எம்.இ.க்குத்தான் அதிகாரம். அங்கேயும் புது மூடி போட்டு, வென்ட்டைச் சுத்தம் செய்து, ஆறு சோதனையும் மறுபடி செய்து, லாக் புத்தகத்தில் எழுதிய பிறகுதான் விமானம் வெளியே போனது.

நம் லேபிலேயே செய்யலாம்

விமானம் இல்லையே என்று கவலைப்படாதீர்கள். கெமிஸ்ட்ரி லேபில் அடியில் குழாய் வைத்த 5 லிட்டர் கண்ணாடி பாட்டில் இருக்கும். நானும் என் ரூம்மேட்டும் லேப் அட்டெண்டர் அண்ணன் அனுமதியோடு செய்து பார்த்தோம். பாட்டிலை உயரே வைத்து, மெல்லிய ரப்பர் குழாயை ஒரு மீட்டர் கீழே ஒரு டம்ளர் தண்ணீருக்குள் முனை அமிழும்படி விட்டோம். முனை தண்ணீருக்குள் இருந்தால்தான் அந்த வழியாகக் காற்று ஏறாது. பாட்டிலில் 4 லிட்டர் தண்ணீர், 1 லிட்டர் காற்று. வாயை ரப்பர் கார்க்கால் இறுக்கி அடைத்தோம். குழாயைத் திறந்ததும் தண்ணீர் இறங்கியது... சுமார் 100 மில்லியோடு நின்றுவிட்டது! 2 லிட்டர் தண்ணீர், 3 லிட்டர் காற்று வைத்தபோது சுமார் 300 மில்லி இறங்கியது. கார்க்கில் ஒரு ஊசியைக் குத்தி எடுத்ததும் மறுபடி மெல்ல ஓடத் தொடங்கியது. பாயில் சொன்னது சொன்னபடி.

கார்க்கில் இன்னொரு துளை போட்டு யூ-டியூப் மேனோமீட்டரை இணைத்தால் அழுத்தம் இறங்குவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் ரெக்கார்டில் எழுத ஒரு நல்ல எக்ஸ்பெரிமென்ட். பாட்டில் மெல்லிய பிளாஸ்டிக்காக இருந்தால் கணக்கு சரியாக வராது, அது உள்வாங்கிவிடும். பழைய விமானங்களில் ரப்பர் பை மாதிரி டாங்க் வைத்தவற்றிலும் இதே கதைதான். வென்ட் அடைத்தால் பை மேலே சுருங்கும், அதோடு கேஜ் மிதவையும் தூக்கிக்கொள்ளும். பெட்ரோல் குறையக் குறைய கேஜ் நிறைய என்று காட்டும்!

உங்களுக்கு ஒரு கணக்கு: மேலே சொன்ன செஸ்னாவில் காற்றிடம் 20 லிட்டர், எஞ்சின் மணிக்கு 30 லிட்டர் குடிக்கிறது, அரைகுறை அடைப்பு வழியாக மணிக்கு 18 லிட்டர் அளவுக்குத்தான் காற்று வருகிறது. எத்தனை நிமிடத்தில் ஓட்டம் நிற்கும்? விடையைப் போட்டு எடுத்துக்கொண்டு வாருங்கள், கேன்டீனில் டீ என் செலவு.